கார் கம்பெனிகள் சப்ளையர், டீலர்களுக்கு வைக்கும் சுற்றுச்சூழல் விதிகளால் உண்மையில் பயன் உண்டா, வெறும் பேப்பர் வேலையா?

கேள்வியின் கடைசியில் "அடுத்த மாதம் எங்களுக்கு ஆடிட்" என்று எழுதியிருக்கிறீர்கள். அதை வைத்துப் பார்த்தால் நீங்கள் ஏதோ சின்ன யூனிட்டில் ஃபைல் பார்க்கிறவர், முதலாளி "நீயே பார்த்துக்கப்பா" என்று உங்கள் தலையில் கட்டிவிட்டார் என்று நினைக்கிறேன். நானும் அப்படித்தான் மாட்டினேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஜிங்க் பிளேட்டிங் ஷாப்பில் (இரும்பு பாகங்களுக்குத் துத்தநாகப் பூச்சு போடும் இடம்) 11 வருடம் இருந்தேன். படித்தது மெக்கானிக்கல் டிப்ளமோ. கெமிஸ்ட்ரியில் பிழை இருந்தால் தெரிந்தவர்கள் திருத்துங்கள், "நீ என்ன கெமிஸ்டா" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். எல்லா பிளேட்டிங் ஷாப்பும் இப்படித்தான் என்றும் நான் சொல்ல வரவில்லை. நான் பார்த்த ஒரு ஷாப்பைப் பற்றிச் சொல்கிறேன்.

பாதி பேப்பர்தான். மீதிப் பாதி, யார் வந்து பார்க்கிறார் என்பதைப் பொறுத்தது.

முதலில் பேப்பர் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். 1999-ல் ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் தங்கள் சப்ளையர்கள் ஐஎஸ்ஓ 14001 என்ற சுற்றுச்சூழல் நிர்வாகச் சான்றிதழ் வாங்கியே ஆக வேண்டும் என்று அறிவித்தன. ஜிஎம் வைத்த கெடு 2002 கடைசி, ஃபோர்டு வைத்தது 2003 நடுவில். நேரடி சப்ளையருக்கு வந்த நெருக்கடி அவருக்குக் கீழே இருந்தவருக்கு இறங்கி, கடைசியில் எங்களைப் போன்ற ஷெட்டுகளுக்கும் வந்தது. இன்னொரு பக்கம் ஐரோப்பாவின் 2000-ம் வருடச் சட்டம். காரில் ஈயம், பாதரசம், காட்மியம், ஹெக்ஸாவேலண்ட் குரோமியம் (குரோமியத்தின் நச்சு வகை) நான்குக்கும் தடை. துருப்பிடிக்காமல் இருக்கப் போடும் பூச்சுக்கு 2007 ஜூலை வரை விலக்கு கொடுத்தார்கள், சேசிஸ் போல்ட் நட்டுக்கு இன்னும் ஒரு வருடம்.

எங்கள் பிழைப்பே போல்ட் நட்டுதான். ஜிங்க் போட்ட பிறகு மஞ்சள் பளபளப்பு வருமே, அந்த எல்லோ பாசிவேஷன் (ஜிங்க் மேல் போடும் பாதுகாப்புப் படலம்) முழுக்க ஹெக்ஸாவேலண்ட் குரோமியம். அதை விட்டு, நச்சு குறைந்த ட்ரைவேலண்ட் குரோமியத்துக்கு மாறினோம். உருப்படி வெள்ளையாக, லேசான நீலத்தில் வரும். விதி வேலை செய்ததா என்று கேட்டால், அந்த இடத்தில் செய்தது. மறுக்க மாட்டேன்.

ஆனால் மாறியது கார் போல்ட்டுக்கான தொட்டி மட்டும். பக்கத்திலேயே இன்னொரு தொட்டியில் பம்புசெட் பாகங்களுக்கு மஞ்சள் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அந்த கஸ்டமர்களுக்கு மஞ்சளாக இருந்தால்தான் திருப்தி, விலையும் குறைவு. கார் கம்பெனி ஆடிட்டர்கள் வருடா வருடம் வந்து வெள்ளைத் தொட்டியைப் பார்ப்பார்கள், ஃபைலைப் புரட்டுவார்கள், பிரியாணி சாப்பிடுவார்கள், போவார்கள்.

2015 ஆகஸ்ட்டில் வந்தவர் வேறு மாதிரி. ரிட்டையர் ஆகும் வயது, அதிகம் பேசவில்லை. ஏசி அறையில் உட்காராமல் நேராகப் பின்பக்கம் ஈடிபிக்கு, அதாவது கழிவுநீரைச் சுத்தம் செய்யும் இடத்துக்குப் போய்விட்டார். அங்கே ஆபரேட்டர் அண்ணன் மஞ்சள் கழுவு தண்ணீரில் ஆசிட் விட்டு, மெட்டாபைசல்ஃபைட் உப்பு போட்டுக் கலக்கிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்திருக்கிறீர்களா? எலுமிச்சை மஞ்சளாக இருக்கும் தண்ணீர் கண் முன்னாலேயே பச்சையாகத் திரும்பும். அப்புறம் சுண்ணாம்பு போட்டால் பச்சைச் சேறு அடியில் தங்கும். அதுதான் ஸ்லட்ஜ்.

நான் அவசரமாக, "சார், இது உங்க பார்ட்ஸ் லைன் இல்ல, பம்பு கஸ்டமருது" என்றேன்.

"தண்ணி ஒண்ணுதானே தம்பி?" என்றார்.

பிறகு அவர் கேட்டது இரண்டே விஷயம். ஆறு மாதச் சுண்ணாம்பு பில், ஸ்லட்ஜ் வெளியே போன மேனிஃபெஸ்ட் (கழிவை ஏற்றி அனுப்பியதற்கான சீட்டு). இரண்டும் இரண்டு ஃபைலில் இருந்தன. பக்கத்தில் பக்கத்தில் வைத்து யாரும் பார்த்ததில்லை, நான் உட்பட. சுண்ணாம்பு 2 டன் வாங்கியிருக்கிறோம். ஸ்லட்ஜ் போனது 400 கிலோ. போட்ட சுண்ணாம்பை விடச் சேறு குறைவாக வருமா? அவர் குரலை உயர்த்தவே இல்லை. "மீதி எங்க?" என்றார்.

மீதி ஷெட்டுக்குப் பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் மூட்டையாக இருந்தது. 90 நாளுக்கு மேல் வைக்கக் கூடாது என்பது சட்டம். கும்மிடிப்பூண்டியில் இருக்கும் அபாயக் கழிவுக் கிடங்குக்கு அனுப்ப லாரி வாடகை, அங்கே கட்டணம். ஒரு லோடு சேரட்டும் என்று முதலாளி தள்ளிப்போட, நானும் ரிஜிஸ்டரில் எழுதாமல் விட்டேன். எழுதாமல் விட்டது நான்தான், அதில் ஒளிக்க ஒன்றும் இல்லை. முதலாளி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. செப்டம்பரில் லாரி வந்தது.

டிசம்பர் முதல் வாரம் சென்னையில் என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். ஷெட்டுக்குள் முழங்கால் வரை தண்ணீர். மூட்டைகள் போயிருந்தது நல்லதாயிற்று என்று ஒரு நிமிடம் நினைத்தேன். ஆனால் மஞ்சள் தொட்டி அங்கேயேதான் இருந்தது. அதன் விளிம்பு தண்ணீருக்கு மேலே நான்கு விரல் உயரம். நானும் ஆபரேட்டர் அண்ணனும் சுற்றி மணல் மூட்டை அடுக்கிவிட்டு, டார்ச் அடித்தபடி இரவெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தோம். விடியும்போது இரண்டு விரல். அதோடு நின்றது. கார் கம்பெனியின் படிவத்தில் 140 கேள்விகள் இருந்தன. வெள்ளம் வந்தால் தொட்டி என்ன ஆகும் என்று ஒன்றுகூட இல்லை.

அடுத்த வருடம் எங்களுக்குப் பசுமை சப்ளையர் என்று கண்ணாடிக் கேடயம் கொடுத்தார்கள். வாங்கப் போனது முதலாளியின் மகன், எம்பிஏ. ரிசப்ஷனில் மாட்டிய போட்டோவில் அவர் கோட் போட்டு நிற்கிறார். ஆபரேட்டர் அண்ணனை விடுங்கள், என்னையாவது ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாம். அன்றைக்கு டீ வாங்கிக் கொடுத்தார், அவ்வளவுதான். டிப்ளமோக்காரன் பேப்பர் எழுதலாம், மேடை ஏறக் கூடாது. கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், எழுதிவிட்டேன்.

இன்னொன்று. 2006-ம் வருடச் சிறு தொழில் சட்டப்படி சின்ன யூனிட்டுக்கு 45 நாளில் பணம் தர வேண்டும். எங்கள் கஸ்டமர் ஒருவர் 120 நாள் இழுத்தடிப்பார். அதே ஆளிடமிருந்து "ஸ்லட்ஜை உடனுக்குடன் அகற்றுங்கள்" என்று மெயில் வரும். எந்தக் காசில்?

டீலர் பக்கம் கேட்டிருந்தீர்கள். இப்போது ஒரு சர்வீஸ் சென்டரில்தான் இருக்கிறேன். அங்கே பெரும்பாலும் போட்டோதான். பழைய ஆயில் பீப்பாய், அதற்கு அடியில் தட்டு, வாட்டர் வாஷ் தண்ணீரில் ஆயில் பிரிக்கும் குழி, மூன்றையும் படம் எடுத்து மாதா மாதம் வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். ஏப்ரல் மாதப் படம் என்று பையன் அனுப்பியதில் பின்னால் தினசரி காலண்டர் தெரிகிறது, தேதி பொங்கல். மேலிடத்தில் யாரும் கண்டுபிடிக்கவில்லை. பழைய ஆயில் வாங்க டின்னோடு வரும் ஆள், அனுமதி பெற்ற கம்பெனியை விட லிட்டருக்குக் கூடக் காசு தருகிறேன் என்பார், ரசீது மட்டும் கேட்காதீர்கள் என்பார். நாங்கள் கொடுப்பதில்லை. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

உங்கள் ஆடிட்டுக்கு வருகிறேன். சான்றிதழுக்கு ஃபிரேம் போடுவது, செடி வாங்கி வைப்பது எல்லாம் கடைசி வாரத்தில் செய்துகொள்ளலாம். நாளைக் காலை முதல் வேலையாக வாங்கிய கெமிக்கல் பில்லையும் வெளியே போன கழிவின் மேனிஃபெஸ்ட்டையும் ஒரே மேஜையில் வையுங்கள். கணக்கு இடித்தால் ஷெட்டுக்குப் பின்னால் போய்த் தார்ப்பாயைத் தூக்கிப் பாருங்கள்.