நாய்க்கு வயிறு உப்பினால் எண்ணெய் புகட்டாதீர்கள்

கேள்வி: ராஜபாளையம் பக்கம் ஆட்டுப்பட்டி வைத்திருக்கிறேன். காவலுக்கு இருந்த ஆறு வயது ராஜபாளையம் நாய், போன மாதம் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நிலைகொள்ளாமல் அலைந்தது. வாந்திக்குக் குமட்டியும் வெறும் நுரைதான் வந்தது. வயிறு உப்பியது. மாட்டுக்குக் கொடுப்பதுபோல் கடலை எண்ணெய் புகட்டினேன். மெடிக்கலில் வலி ஊசி வாங்கிப் போட்டோம். விடிவதற்குள் செத்துவிட்டது. கூடப்பிறந்த பெட்டை பட்டியில் இருக்கிறது. கைவசம் என்ன மருந்து வைத்துக்கொள்ளலாம், ஐயா?

பதில்: எந்த மருந்தும் வேண்டாம். நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால் உங்கள் நாய்க்கு இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கிறது என்றே நினைக்கிறேன். காற்று நிறைந்து பெருத்த இரைப்பை தன்னைத்தானே சுற்றிக்கொள்ளும். இரைப்பையின் மேல்வாயும் அடைபடும், கீழ்வாயும் அடைபடும். இரைப்பைச் சுவருக்கு ரத்தம் போகாது, இதயத்துக்குத் திரும்பும் ரத்தமும் குறையும். சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். இதற்கு மாத்திரையும் இல்லை, கைவைத்தியமும் இல்லை.

மாட்டு உப்புசம் வேறு. அங்கே நுரையை உடைக்க எண்ணெய் உதவும். முறுக்கிய இரைப்பைக்குள் எண்ணெய் இறங்காது, குமட்டும் நாய்க்கு அது நுரையீரலுக்குப் போகும். மாட்டுக்குக் குத்துவதுபோல் விலாவில் நீங்களே குத்தவும் கூடாது. இடம் மாறிய மண்ணீரல் அங்கே இருக்கலாம்.

அந்த வலி ஊசியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். நாயைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் ஊசி எடுத்துக் கொடுப்பவர் செய்வது வைத்தியம் இல்லை, வியாபாரம். டைக்ளோஃபெனாக் போன்றவை நாய்க்கு இரைப்பையைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். டைக்ளோஃபெனாக் போட்ட மாடுகளின் சடலத்தைத் தின்று பாறு கழுகுகள் அழிந்ததால் கால்நடைகளுக்கு 2006லேயே தடை செய்யப்பட்ட மருந்து அது. மனிதருக்கு விற்பதை மாட்டுக்கும் நாய்க்கும் போடும் பழக்கம் இன்னும் போகவில்லை. ஊசி போட்டாயிற்று, காலையில் பார்க்கலாம் என்று காத்திருந்தீர்களே, அந்த நேரத்தில்தான் காப்பாற்றியிருக்க முடியும்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது, பெட்டைக்கு இது வராமல் எப்படித் தடுப்பது என்பதுதான். ஆழ்ந்த நெஞ்சுக்கூடு உள்ள பெரிய நாய்களுக்கே இது அதிகம் வரும். கூடப்பிறந்ததற்கோ பெற்றதற்கோ வந்திருந்தால் ஆபத்து இன்னும் கூடும். கருத்தடை அறுவை செய்யும்போதே இரைப்பையை வலப்பக்க வயிற்றுச் சுவரோடு சேர்த்துத் தைத்துவிடச் சொல்லுங்கள். அதன் பிறகும் காற்றால் உப்பலாம், ஆனால் முறுக்கிக்கொள்வது மிக அரிது. திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரியில் முன்கூட்டியே கேட்டு ஏற்பாடு செய்யுங்கள்.

அப்புறம் தீனி. நாள் முழுக்கப் பட்டினி போட்டு, ராத்திரி ஒரு சட்டி நிறைய வைக்கும் வழக்கத்தை விடுங்கள். அதே அளவை இரண்டு மூன்று வேளையாகப் பிரித்து வையுங்கள். இரண்டு நாய்களுக்கு ஒரே சட்டி வைத்தால் போட்டியில் காற்றையும் சேர்த்து விழுங்கும். அகலத் தட்டில் பரப்பித் தனியாக வையுங்கள். தின்ற கையோடு ஓட விடாதீர்கள். உப்புசம் வராது என்று சொல்லி உயரமான தட்டு ஸ்டாண்டு விற்கிறார்கள், வாங்காதீர்கள். பெரிய நாய்களை வைத்து நடந்த ஆய்வில், உயரத்தில் வைத்துத் தின்றவற்றுக்கே இந்த நோய் அதிகம் வந்தது.

அப்படியும் ஒரு நாள் வெறும் குமட்டல் வந்தால், வயிறு மத்தளம் மாதிரி ஆகட்டும் என்று காத்திருக்காதீர்கள். இந்த இனத்தில் உப்பல் விலாவுக்குள்ளேயே மறைந்திருக்கும். ஈறை அழுத்தி விடுங்கள். இரண்டு நொடிக்குள் சிவப்பு திரும்பாவிட்டால் நிலைமை மோசம். ஈறு சிவப்பாக இருந்தாலும் அறுவை செய்யும் கால்நடை மருத்துவமனைக்குக் கிளம்புங்கள், போனில் சொல்லிவிட்டுப் போங்கள். வழியில் கால்நடை மருத்துவர் இருந்தால் நரம்பில் குளுக்கோஸ் இல்லாத சலைன் ஏற்றி, குழாய் விட்டோ ஊசி குத்தியோ காற்றை இறக்கி அனுப்புவார். காற்று இறங்கியதும் நாய் தெளிந்துவிடும். சரியாகிவிட்டது என்று வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள். அறுவை செய்து நேராக்கித் தைக்காவிட்டால் பாதிக்கு மேற்பட்ட நாய்களுக்கு மறுபடி வரும்.

அந்தப் பெட்டையில் குட்டி எடுக்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். எவ்வளவு நல்ல காவல் நாயாக இருந்தாலும் சரி.