பாட்டி வைத்தியம், சிறிதளவு – கடிதம்

அன்புள்ள ஐயா,

மாசியில் அம்மா தவறிவிட்டார். அவருடைய அஞ்சறைப் பெட்டி என்னிடம் வந்திருக்கிறது. குழந்தைகளுக்குச் சளி, வயிற்றுப்போக்கு என்றால் அதைத் திறந்துதான் ஏதோ செய்து தருவார். நான் ஒருநாளும் கவனித்ததில்லை. இப்போது வீட்டு வைத்திய நூல்கள் ஆறு வாங்கிவிட்டேன். ஒன்று சொல்வதை மற்றொன்று மறுக்கிறது. நம்பி வாங்கத்தக்க ஒரு நூலைச் சொல்வீர்களா? ஆங்கில மருத்துவர்கள் இவற்றைப் பழிப்பது பொறாமையால்தானே? நானே வெந்தயமும் ஆவாரம்பூவும் எடுத்துக்கொண்டு, இரண்டு மாதமாகச் சர்க்கரை மாத்திரையை நிறுத்தியிருக்கிறேன், நன்றாகத்தான் இருக்கிறேன். பெட்டியின் ஓர் அறையில் விரல் நீளத்துக்குக் கரிந்த துண்டு ஒன்று கிடக்கிறது. அது என்னவென்றும் தெரியவில்லை. ஊரில் சித்தி ஒருவர் இருக்கிறார், அவ்வளவாகப் பேச்சு இல்லை.

ம., மன்னார்குடி

அன்புள்ள ம.,

அம்மாவின் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அச்சடித்த தாளில் அம்மாவைத் தேடுகிறீர்கள். அதே வேலையைப் பல ஆண்டுகளாக நானும் செய்துவருவதால்தான் உடனே எழுதத் தோன்றியது.

முதலில் மாத்திரை. நாளைக் காலை வெறும் வயிற்றில் சர்க்கரைப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்து, மூன்று மாதச் சராசரியையும் பார்த்து, அந்தத் தாளோடு உங்கள் மருத்துவரிடம் போய்ச் செய்ததை மறைக்காமல் சொல்லுங்கள். சர்க்கரை நோயில் ‘நன்றாகத்தான் இருக்கிறேன்’ என்பது சான்றே அல்ல; கண்ணையும் சிறுநீரகத்தையும் அது வலிக்காமல்தான் அரிக்கிறது. வெந்தயம் சர்க்கரையை ஓரளவு குறைக்கும் என்பது உண்மையாகவே இருக்கட்டும். எவ்வளவு வெந்தயம், எந்த மாத்திரையில் எவ்வளவுக்கு ஈடு என்று உங்கள் ஆறு நூல்களில் ஒன்றாவது சொல்கிறதா? படித்தவர் செய்கிற காரியமா இது? பொறாமை பற்றிய கேள்வியை விட்டுவிடுகிறேன், அது வீண்பேச்சு.

இந்நூல்களோடு எனக்குள்ள வழக்கெல்லாம் இந்த ‘எவ்வளவு’ பற்றியதுதான். எதை எடுத்துப் பிரித்தாலும் ‘சிறிதளவு’, ‘தேவையான அளவு’, ‘ஒரு கைப்பிடி’. யாருடைய கைப்பிடி? நம் மருத்துவம் அளவு தெரியாமல் வளர்ந்ததல்ல. பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றும் கூட்டி எடுப்பது திரிகடி. ஐந்து விரல் நுனியும் சேர்த்து எடுப்பது வெருகடி, வெருகு என்றால் பூனை, அதன் அடித்தடம் போன்ற பிடி. குன்றிமணி 130 மில்லிகிராம், வராகன் 4.2 கிராம், பலம் 35 கிராம் என்று சித்த மருந்து செய்கிறவர்கள் இன்றும் கணக்கு வைத்திருக்கிறார்கள். சுக்குக்குப் புறநஞ்சு என்று தோலைச் சீவி, கடுக்காய்க்கு அகநஞ்சு என்று கொட்டையை நீக்கிய சமூகம், அச்சுக்கு வந்ததும் ‘சிறிதளவு’ என்று எழுதிவிட்டுப் போகிறது.

கீழாநெல்லியைப் பாருங்கள். மஞ்சள் காமாலைக்கு அரைத்து மோரில் குடிக்கச் சொல்லாத நூல் கிடையாது. காமாலை ஒரே நோயல்ல. கெட்ட தண்ணீரால் வருவது பெரும்பாலும் சில வாரங்களில் தானே இறங்கும், அந்தப் புகழ் செடிக்குப் போய்ச் சேரும். பித்தக்கல் வழியை அடைத்து வருவதற்கு மோரைக் குடித்துக் காத்திருப்பது ஆபத்து. 1988இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராஜனும், நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்கும், உடன் உழைத்தவர்களும் ‘லான்செட்’ மருத்துவ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். காமாலைக்கு அல்ல, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமியை உடலில் சுமப்பவர்களுக்கு. உலர்ந்த செடிப்பொடி, வேளைக்கு 200 மில்லிகிராம், நாளுக்கு மூன்று வேளை, 30 நாள். எடுத்துக்கொண்ட 37 பேரில் 22 பேருக்கு அந்தக் கிருமியின் அடையாளம் ரத்தத்தில் மறைந்தது. பின்னால் வேறிடங்களில் செய்தவர்களுக்கு அந்தப் பலன் கிட்டவில்லை. செடியின் இனம் வேறா, விளைந்த மண் வேறா என்ற பேச்சு எழுந்தது. ஆய்வுக்கூடத்திலேயே இவ்வளவு தடுமாற்றம் என்றால், மை இழுகிய படத்தைப் பார்த்து வேலியோரத்தில் பறிக்கிறவரை நினைத்துப் பாருங்கள்.

என் அம்மாச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தங்கை கைக்குழந்தையாக இருந்தபோது, எண்ணெய்க் குளியல் முடிந்ததும் உரைகல்லில் தாய்ப்பால் இரண்டு சொட்டு விட்டு, ஜாதிக்காய் ஒரு சுற்று, மாசிக்காய் இரண்டு சுற்று, விளக்கெண்ணெய்ச் சுடரில் கருக்கிய வசம்பை ஒரே இழுப்பு என்று வாய்விட்டு எண்ணுவார். ஒருநாள் அவர் இல்லாத நேரத்தில் என் சித்தி ஜாதிக்காயை நாலைந்து சுற்று உரைத்துக் கொடுத்துவிட, பிள்ளை உச்சிப்பொழுது வரை கண் திறக்கவில்லை. திரும்பி வந்த அம்மாச்சி கல்லில் இருந்த கறையைப் பார்த்தார், தொட்டிலில் குனிந்து மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தார், வேறு மருந்து எதையும் தேடாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு நடந்தார். செருப்பு போடவில்லை. தங்கைக்கு இப்போது பேரன் இருக்கிறான். பாட்டி வைத்தியத்தின் அந்தக் கடைசிப் படியைப் பாட்டி வைத்திய நூல் எதிலும் நான் இன்னும் பார்க்கவில்லை.

நூலின் பெயர் கேட்டீர்கள். ஆறையும் மீண்டும் புரட்டி, அளவும் வயதும் குறித்து, எப்போது நிறுத்தி மருத்துவரிடம் போவது என்றும் சொல்வது ஏதேனும் இருந்தால் அதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மற்றவற்றைப் பழைய பேப்பர்காரரிடம் போடலாம்.

அந்தக் கரிந்த துண்டு வசம்பாக இருக்கக்கூடும். முகர்ந்து பாருங்கள், சுட்டாலும் அதன் காரமணம் முழுதாகப் போகாது. வசம்பேதான் என்றாலும் குழந்தைகளுக்குக் கொடுத்துவிட வேண்டாம். அதன் எண்ணெயிலுள்ள பீட்டா அசரோன் என்ற நச்சுப்பொருளுக்கு அஞ்சி அமெரிக்காவில் 1968இலேயே அதை உணவில் சேர்க்கத் தடை விதித்துவிட்டார்கள். பெட்டியோடு உங்கள் சித்தி வீட்டுக்கு ஒரு நடை போய், அக்கா இதை எத்தனை இழுப்பு உரைப்பார் என்று கேளுங்கள். அவர் சொல்வதை எனக்கும் எழுதுங்கள்.