நியூயார்க் பிரைமரி: கேட்டவர்களுக்குப் பதில்

குயின்ஸில் சில தேர்தல்களாக வாக்குச்சாவடிப் பணியாளராக உட்காருகிறேன். நகரத் தேர்தல் பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். பிரைமரி என்றால், நவம்பர் தேர்தலுக்கு ஒரு கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நடத்தும் முன்தேர்தல். யாருக்குப் போடுவது என்று மட்டும் கேட்காதீர்கள்.

பிளஷிங்: குடியுரிமை வாங்கிப் பத்து வருஷமாகிறது. 2025 ஜூனில் மேயர் பிரைமரிக்குப் போனால் பட்டியலில் பெயர் இல்லை என்கிறார்கள். இது என்ன அநியாயம்?

பதிவுப் படிவத்தில் ‘எந்தக் கட்சியும் வேண்டாம்’ என்ற கட்டத்தில் டிக் அடித்திருப்பீர்கள். நம் ஆட்கள் பலர் செய்வதுதான். கட்சியில் சேர்வது என்றதும் கரை வேட்டியும் வட்டச் செயலாளரும் நம் மனசில் வந்து நிற்கிறார்கள். இங்கே சந்தா கிடையாது, கூட்டம் கிடையாது, நவம்பரில் யாருக்கு வேண்டுமானாலும் போடலாம். ஆனால் ஒரு கட்சியின் பிரைமரியில் அந்தக் கட்சி என்று பதிந்தவர் மட்டுமே வாக்களிக்க முடியும். எந்தக் கட்சியிலும் பதியாதவர்கள் இந்த நகரத்தில் 10 லட்சத்துக்கு மேல். குடியரசுக் கட்சி சார்பில் மேயராக வந்த ஜூலியானி, புளூம்பெர்க் காலத்தை விட்டுவிட்டால், இங்கே மேயர் யார் என்பது பெரும்பாலும் ஜனநாயகக் கட்சியின் பிரைமரியிலேயே முடிந்துவிடுகிறது. அந்த 10 லட்சம் பேரும் முடிந்துபோன ஆட்டத்துக்கு நவம்பரில் டிக்கெட் வாங்குகிறார்கள்.

கட்சி மாற்றவோ புதிதாகச் சேரவோ பிப்ரவரி 14க்குள் படிவம் போய்ச் சேர வேண்டும். காதலர் தினம், மறக்காது. தாண்டினால் அந்த ஜூன் போச்சு. முதன்முறையாகப் பதிகிறவர்களுக்கு மட்டும் தேர்தலுக்குப் பத்து நாள் முன்புவரை அவகாசம் உண்டு.

ஸ்டேட்டன் ஐலண்ட்: அண்ணா, இங்கே 1, 2, 3 என்று போடுவது எங்கட இலங்கை விருப்பு வாக்கு மாதிரித்தானா?

சித்தப்பா பிள்ளைகள் மாதிரி. 2024 செப்டம்பர் ஜனாதிபதித் தேர்தலில் யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காமல் முதன்முறையாக இரண்டாம் எண்ணிக்கை நடந்ததே, அங்கே முதல் இருவரைத் தவிர எல்லாரையும் ஒரே வீச்சில் கழித்துவிடுவார்கள். இங்கே அடியிலிருந்து படிப்படியாகக் கழிப்பார்கள். கழிந்தவருக்கு விழுந்த வாக்கு, அந்தச் சீட்டில் அடுத்து எழுதிய ஆளுக்குப் போகும். அங்கே மூன்று பேர் வரை, இங்கே ஐந்து. இப்படி வரிசைப்படுத்தும் முறை, 2019 நவம்பரில் நகர வாக்காளர்கள் 70 சதவீதத்துக்கு மேல் ஆதரித்து, 2021ல் மேயர் பிரைமரிக்கு வந்தது.

சீட்டில் இடப்பக்கம் பெயர்கள், வலப்பக்கம் ஐந்து பத்தியாக வட்டங்கள். ஒரு அம்மா ஸ்கேனரில் சீட்டை விட்டுவிட்டு என்னிடம் வந்து, “அஞ்சும் அவருக்கே போட்டுட்டேன் தம்பி” என்றார், முகமெல்லாம் பெருமை. அஞ்சும் ஒன்றுதான் அம்மா. எனக்குச் சொல்ல மனசு வரவில்லை.

இந்த வரிசை முறை நகரப் பதவிகளின் பிரைமரிக்கும் இடைத்தேர்தலுக்கும் மட்டும். நவம்பரிலும், ஆளுநர் பிரைமரியிலும் இல்லை.

எடிசன்: நியூஜெர்சியில் எப்படி?

ஆற்றுக்கு அந்தப் பக்கம் வேறு சட்டம். உங்கள் கவுன்டி கிளார்க் அலுவலகத்தைக் கேளுங்கள்.

ஜாக்சன் ஹைட்ஸ்: பச்சை அட்டை இருந்தால் நகரத் தேர்தலில் போடலாமாமே?

முடியாது, முடியாது, முடியாது. 2021 டிசம்பரில் நகர மன்றம் அப்படி ஒரு சட்டம் போட்டது. ஒரு தேர்தலில்கூடப் பயன்படாமல், 2025 மார்ச்சில் மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. ஓட்டுநர் உரிமத்துக்குப் போகும்போது வாக்காளர் பதிவுப் படிவத்தையும் நீட்டுவார்கள், கையெழுத்துப் போடாதீர்கள். நாளைக்குக் குடியுரிமை விண்ணப்பத்தில் அது வந்து நிற்கும். பிள்ளை பொதுப் பள்ளியில் படித்தால் சமூகக் கல்விக் குழுத் தேர்தலில் போடலாம், அதற்குக் குடியுரிமை கேட்பதில்லை.

உட்சைட்: பிரைமரியில் போடக் கட்சி கட்டாயமா?

முதல் பதில்.

பிராங்ஸ்: வரிசைப்படுத்தும் முறையே மோசடி சார். 2021 மேயர் பிரைமரியில் எரிக் ஆடம்ஸ் ஜெயித்தது 7,197 வாக்கில். குப்பையில் போட்டது 1,40,000 வாக்கு!

குப்பையில் போடவில்லை. அந்தச் சீட்டுகளில் எழுதிய எல்லாரும் கழிந்துபோய், கடைசி இருவரில் ஒருவர் பெயரும் இல்லை. முன்பு என்ன நடந்தது? யாருக்கும் 40 சதவீதம் வரவில்லை என்றால் முதல் இருவருக்குத் தனியாக இன்னொரு தேர்தல். 2013ல் பொது வழக்காளர் பதவிக்கு (நகர நிர்வாகத்தின் மேல் மக்கள் சொல்லும் புகாரைக் கேட்பவர்) அப்படி நடத்திய மறுதேர்தலுக்குச் செலவு ஏறத்தாழ 1.3 கோடி டாலர். அந்த அலுவலகத்தின் ஆண்டு பட்ஜெட்டே 25 லட்சம்கூட இல்லை! போடத் தகுதியுள்ள ஜனநாயகக் கட்சியினரில் பத்தில் ஒருவர்கூட வரவில்லை. அந்த வாக்குகளை எந்தக் குப்பையில் சேர்ப்பீர்கள்?

அதே பிராங்ஸ்: 1,35,000 போலி வாக்கைச் சேர்த்து எண்ணினார்களே, அது?

அது தேர்தல் வாரியத்தின் கூத்து, முறையின் குற்றமில்லை. கணினியைச் சோதிக்கப் போட்ட மாதிரிச் சீட்டுகளை அழிக்காமல் உண்மைச் சீட்டோடு கலந்து முடிவை வெளியிட்டார்கள். அன்றிரவே வாபஸ் வாங்கினார்கள். இறுதிக் கணக்கில் அவை இல்லை.

மீண்டும் பிராங்ஸ்: 13 பேர் நின்றபோது ஐந்து கட்டம் எப்படிப் போதும்?

இது நியாயமான கேள்வி. போதாது. இதையே முதலில் கேட்டிருந்தால் நாம் இவ்வளவு நேரம் கத்தியிருக்க வேண்டாம். இருந்தாலும் 2025ல் மம்தானியும் பிராட் லேண்டரும் எதிரெதிரே நின்றுகொண்டே, முதலில் எனக்கு, இரண்டாவது அவருக்குப் போடுங்கள் என்று ஒருவரையொருவர் தூக்கிவிட்டார்களே, பழைய முறையில் அதைப் பார்த்திருப்பீர்களா? வெயில் 100 டிகிரியை ஒட்டி அடித்த நாளில், முன்கூட்டியே போட்டவர்களையும் சேர்த்து, பத்து லட்சம் பேருக்கு மேல் போட்டார்கள். இதோடு பிராங்ஸுக்கு வணக்கம்.

பே ரிட்ஜ்: சரி, கூட்டம் வர என்னதான் வழி?

இரண்டு வழி. ஒன்று பிரைமரிக் கதவைத் திறப்பது. 2003ல் புளூம்பெர்க் கட்சி சாராத் தேர்தல் கேட்டார், பத்தில் ஏழு பேர் வேண்டாம் என்றார்கள். 2025ல் நகரத்தின் அடிப்படைச் சட்டத்தைத் திருத்தப் பரிந்துரைக்கும் சாசன ஆணையம், எந்தக் கட்சியிலும் பதியாதவரும் போடக்கூடிய திறந்த பிரைமரி பற்றிப் பேசிவிட்டுச் சத்தமில்லாமல் கீழே வைத்தது. உள்ளே இருப்பவர்களுக்குக் கதவைத் திறக்க என்ன அவசரம்?

மற்றொன்று ஆண்டை மாற்றுவது. மேயர் தேர்தல் ஒற்றைப்படை ஆண்டில் தனியாக நடப்பதால் பதிந்த வாக்காளர்களில் கால்வாசிகூட 2021 நவம்பரில் வரவில்லை. லாஸ் ஏஞ்சல்ஸ், ஜனாதிபதி அல்லது ஆளுநர் தேர்தலும் சேர்ந்து நடக்கும் இரட்டைப்படை ஆண்டுக்கு மாறியது. அங்கே 2022 மேயர் தேர்தலில் விழுந்தவை 2013ஐப் போல இரண்டு மடங்குக்கும் மேல். இங்கேயும் 2025 நவம்பரில் வாக்குச்சீட்டில் ஆறாவது கேள்வியாக அதைக் கேட்டார்கள், தோற்றது. வேடிக்கை என்னவென்றால், அதே நாளில்தான் 1969க்குப் பிறகு அதிகக் கூட்டம், 20 லட்சத்துக்கு மேல் வந்தது. வந்த கூட்டமே கூட்டம் வரும் வழிக்கு வேண்டாம் போட்டுவிட்டுப் போனது.

புரூக்ளின்: கட்சி மாற்றக் கடைசித் தேதி?

காதலர் தினம்.

குயின்ஸ் வில்லேஜ்: கட்சி இல்லாமல் பிரைமரியில்…

தூங்கப் போகிறேன்.