இந்த கிம்ச்சிக்கு வயது என்ன?

கேள்வி: கொரிய ஊறுகாயான கிம்ச்சியைக் கடையில் இரண்டு முறை வாங்கினேன். முதலில் வாங்கியது சாதாரண அலமாரியில் இருந்த பாட்டில். வினிகரில் சர்க்கரையைக் கரைத்த மாதிரி ருசி, கொழகொழப்பு வேறு. எப்படியோ சாப்பிட்டு முடித்தோம். அடுத்து வாங்கியது ஃபிரிட்ஜில் இருந்த பாக்கெட். வீட்டுக்குக் கொண்டுவந்த இரண்டாம் நாளே பந்து மாதிரி உப்பிவிட்டது. கெட்டுப்போய்விட்டது என்று திறக்காமலே தூக்கிப் போட்டுவிட்டேன். வீட்டில் ஒருவர் சைவம். நல்ல கிம்ச்சியை எப்படிப் பார்த்து வாங்குவது?

பதில்: சொல்ல வருத்தமாகத்தான் இருக்கிறது. நீங்கள் சாப்பிட்டு முடித்தது சுமாரான கிம்ச்சி. தூக்கிப் போட்டதுதான் அநேகமாக நல்ல கிம்ச்சி.

பாக்கெட் ஏன் உப்பியது என்று புரிந்துவிட்டால் உங்கள் கேள்வியில் பாதி தீர்ந்துவிடும். நாப்பா என்ற நீளமான சீன முட்டைக்கோஸை உப்பில் ஊறவைத்துக் கழுவுவார்கள். கொச்சுகாரு என்ற கொரிய மிளகாய்த்தூள், பூண்டு, இஞ்சி, வெங்காயத்தாள், முள்ளங்கி, உப்பில் பதப்படுத்திய இறால் அல்லது நெத்திலிச் சாறு, இவற்றை விழுதாக்கி இலை இலையாகப் பூசி அடைத்து வைப்பார்கள். இதில் புளிப்பு எங்கே இருக்கிறது? எங்கும் இல்லை. அது பிறகு வருவது. முட்டைக்கோஸோடும் விழுதோடும் வந்த லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் காயில் உள்ள சர்க்கரையைத் தின்று அமிலமாக மாற்றுகின்றன. முதலில் பெருகுவது லியூகோநாஸ்டாக் வகை. இது அமிலத்தோடு கரியமில வாயுவையும் வெளியிடும். நல்ல கிம்ச்சியைக் கடித்தால் நாக்கில் லேசாகச் சுரீரென்று ஒரு சோடா உணர்வு வருமே, அது இந்த வாயுதான். உங்கள் பாக்கெட்டை உப்ப வைத்ததும் இதுவேதான். புளிப்பு ஏற ஏற, அமிலத்தை இன்னும் நன்றாகத் தாங்கும் லாக்டோபேசில்லஸ் குடும்பத்தினர் கையில் ஆட்சி போய்விடும். அப்புறம் புளிப்பு கூடிக்கொண்டே போகும்.

ஆகவே கடையில் இருக்கும் கிம்ச்சி செய்து முடித்த பண்டம் இல்லை, வழியில் இருக்கும் பண்டம். எந்த பிராண்ட் நல்லது என்று என்னிடம் கேட்பவர்களை நான் திருப்பிக் கேட்பது, 'எத்தனை நாள் ஆனது, எதற்கு வாங்குகிறீர்கள்?' என்றுதான். ஜொங்கா, பிபிகோ போன்ற பெரிய கொரியப் பெயர்கள் பல நாடுகளில் கிடைக்கின்றன, மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரே பிராண்டில் பத்து நாள் ஆன பாக்கெட்டும் மூன்று மாதம் ஆன பாக்கெட்டும் இரண்டு வெவ்வேறு உணவுகள்.

கடைக்குள் நுழைந்ததும் ஃபிரிட்ஜ் பக்கம் போங்கள். சாதாரண அலமாரியில் மாதக்கணக்காக உட்கார்ந்திருக்கும் கிம்ச்சி உப்பாமல் இருக்கிறது என்றால், அதைச் சூடுபடுத்தி பாக்டீரியாவைக் கொன்றிருப்பார்கள், அல்லது பதப்படுத்தும் பொருள் சேர்த்து அடக்கியிருப்பார்கள். தகர டப்பாவில் அடைத்த கிம்ச்சி எல்லாமே சூடுபடுத்தியதுதான். உடம்புக்குக் கெடுதல் என்று சொல்லவில்லை. சூட்டில் முட்டைக்கோஸின் மொறுமொறுப்பு போய்விடும், சோடா உணர்வு இருக்காது, ருசி ஒரே இடத்தில் நின்றுவிடும். அவசரத்துக்குக் கொதிக்கும் சூப்பில் போடலாம். தட்டில் தனியாக வைத்துச் சாப்பிட வேண்டாம்.

ஃபிரிட்ஜில் இருப்பதெல்லாம் நல்லது என்றும் அர்த்தமில்லை. நொதிக்கவே விடாமல் புளிப்பை வெளியிலிருந்து சேர்த்து விற்பதும் உண்டு. இதை வைத்து ஒரு பன்னாட்டுச் சண்டையே நடந்தது. 1990களில் ஜப்பானில் சிட்ரிக் அமிலம் சேர்த்து, நொதிக்காமல் செய்த 'கிமுச்சி' பெரிதாக விற்றது. அதைக் கிம்ச்சி என்று சொல்லக் கூடாது என்று கொரியா கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர அமைப்பிடம் போனது. 2001இல் வந்த கோடெக்ஸ் தரநிலை, குறைந்த வெப்பநிலையில் லாக்டிக் அமிலம் உருவாகி நொதித்துப் பக்குவமாவதைக் கிம்ச்சியின் இலக்கணமாகவே எழுதிவைத்தது. அதே தரநிலைப்படி மொத்த அமிலம் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, உப்பு 1 முதல் 4 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். பெரும்பாலானவர்களுக்குப் பிடிக்கும் பக்குவம் அமிலம் 0.6 முதல் 0.8 சதவீதம் வரை இருக்கும்போது.

சரி, இந்த எண்களை எந்தப் பாக்கெட்டிலும் அச்சடிக்க மாட்டார்கள். அதனால் தேதியைப் பாருங்கள். காலாவதித் தேதியை விடத் தயாரிப்புத் தேதிதான் முக்கியம். குளிர் விட்டுப்போகாமல் வந்திருந்தால், செய்து இரண்டு மூன்று வாரத்தில் கிம்ச்சி அப்படியே சாப்பிட நன்றாக இருக்கும் என்பது என் கணக்கு. அதற்கு முன்னால் பூண்டும் மிளகாயும் தனித்தனியாகத் தெரியும், பச்சை வாசனை இருக்கும். அப்படிப் புத்தம் புதிதாகப் பிடிக்கிறவர்களும் உண்டு. கொரியாவில் நொதிக்காமல் உடனே சாப்பிடுவதற்கென்றே கொத்ஜொரி என்று ஒரு வகை செய்கிறார்கள். இரண்டு மாதம் தாண்டினால் புளிப்பு தூக்கலாகிவிடும். தயாரிப்புத் தேதி போடாத பாக்கெட் என்றால், வரிசையில் காலாவதித் தேதி ஆகத் தள்ளி இருப்பதை எடுங்கள், அதுதான் இளையது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. 'கொரியாவில் தயாரானது' என்றால் உசத்தி என்று எல்லோரும் நினைக்கிறோம். கப்பலில் வாரக்கணக்காகப் பயணம் செய்து, கிடங்கில் கொஞ்ச நாள் கிடந்து, பிறகு கடைக்கு வரும் பாக்கெட் அதற்குள் நன்றாகப் புளித்திருக்கும். பக்கத்தில் யாராவது கைப்பக்குவத்தோடு செய்து போன வாரத் தேதி போட்டு விற்றால், அப்படியே சாப்பிட நான் அதைத்தான் எடுப்பேன். கொரியாவுக்குள்ளேயே உணவகங்களில் வைக்கும் கிம்ச்சியில் பெரும்பங்கு சீனாவிலிருந்து இறக்குமதியாவது என்பதையும் நினைவில் வையுங்கள். ஊர்ப் பெயர் மட்டும் எதையும் நிரூபிக்காது.

ஆனால் நீங்கள் கிம்ச்சி ஜிகே என்ற குழம்போ வறுத்த சாதமோ செய்யப்போகிறீர்கள் என்றால், நான் இதுவரை சொன்னதைத் தலைகீழாக்கிக்கொள்ளுங்கள். அதற்கு இளம் கிம்ச்சி சப்பென்று இருக்கும். புளித்துத் துவண்டதுதான் வேண்டும். காலாவதி நெருங்கிவிட்டது என்று விலையைக் குறைத்து வைத்திருக்கிறார்களா, பேசாமல் எடுத்துவாருங்கள். கொரியர்கள் ஆறு மாதம், ஒரு வருடம், அதற்கு மேலும் வைத்திருந்து முகுன்ஜி என்ற பெயரில் சமைப்பது இதற்காகத்தான்.

அடுத்தது லேபிள். சேர்மானங்கள் அளவில் அதிகமானதில் தொடங்கி வரிசையாக இருக்கும். முட்டைக்கோஸ் முதலில் வர வேண்டும். கொரிய மொழியில் அதற்குப் பெயர் 'பேச்சு'. லேபிளில் பேச்சு கிம்ச்சி என்று பார்த்தால் குழம்பாதீர்கள், நம் பேச்சுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. கொச்சுகாரு, பூண்டு, இஞ்சி, முள்ளங்கி எல்லாம் இருக்க வேண்டும். கொஞ்சம் சர்க்கரை, ஆப்பிள், கொரியப் பேரிக்காய் இருந்தால் தப்பில்லை, வீடுகளிலும் சேர்ப்பார்கள். சர்க்கரையோ சோளச் சிரப்போ இரண்டாவது, மூன்றாவது இடத்துக்கு வந்துவிட்டால்தான் யோசிக்க வேண்டும். வினிகர் இருந்தால் புளிப்பு பாக்டீரியாவின் வேலை மட்டும் இல்லை. பொட்டாசியம் சார்பேட் (லேபிளில் எண் 202), சோடியம் பென்சோயேட் (211) இரண்டும் நொதித்தலை அடக்கத்தான் சேர்க்கப்படுகின்றன. உங்கள் முதல் பாட்டிலில் இருந்த கொழகொழப்புக்கு ஸாந்தன் பசை (415) காரணமாக இருக்கலாம். நொதித்த கிம்ச்சியிலும் சர்க்கரை அதிகமானால் லியூகோநாஸ்டாக் அதை டெக்ஸ்ட்ரான் என்ற பிசுபிசுப்பாக மாற்றிவிடும், சாறு நூல் மாதிரி இழுக்கும். விஷம் இல்லை, வாய்க்குத்தான் பிடிக்காது. செயற்கை நிறம் சேர்த்திருந்தால் நான் வாங்க மாட்டேன். நல்ல கொச்சுகாருவுக்குத் தானாகவே அந்தச் சிவப்பு உண்டு.

வெளியே தெரிகிற மாதிரி பாக்கெட் இருந்தால் தண்டைப் பாருங்கள். வெள்ளைத் தண்டு விறைப்பாக, ஓரம் மழுங்காமல் இருக்க வேண்டும். சாறு கலங்கலாக, காயை மூடியபடி இருந்தால் நல்லது. பாக்கெட் லேசாக உப்பியிருப்பது எனக்கு நல்ல சகுனம். உள்ளே உயிர் இருக்கிறது, புளிப்பு நடந்துகொண்டிருக்கிறது. சில பாக்கெட்டுகளில் வாயு வெளியேற ஒரு சின்ன வால்வு இருக்கும், சிலவற்றில் வாயுவை உறிஞ்சும் சிறு பொட்டலம் போட்டிருப்பார்கள் (அதைச் சாப்பிட்டுவிடாதீர்கள்). வெடிக்கிற மாதிரி இறுகியிருந்தால் மட்டும் கடையில் குளிர் விட்டுப்போயிருக்கலாம் என்று சந்தேகப்பட்டு வேறு எடுங்கள். வசதி இருந்தால், இலைகளைப் பிரிக்காமல் முழுசாக மடித்து அடைக்கும் போகி கிம்ச்சியை வாங்குங்கள். முன்பே துண்டு போட்ட மத் கிம்ச்சியை விட மொறுமொறுப்பு கொஞ்சம் அதிக நாள் நிற்கும். நறுக்கும்போது கை சிவக்கும், அவ்வளவுதான்.

வீட்டில் சைவம் சாப்பிடுகிறவருக்கு: சாதாரண கிம்ச்சி சைவம் இல்லை. சேவுஜொத் (உப்பிட்ட இறால்), நெத்திலிச் சாறு, சிலவற்றில் சிப்பி, ஏதாவது ஒன்று இருந்தே தீரும். மிளகாய் இல்லாத வெள்ளைக் கிம்ச்சியைப் பார்த்துச் சைவம் என்று நினைத்து வாங்கி ஏமாந்தவர்கள் உண்டு. அதிலும் இறால் இருக்கலாம். லேபிளில் 'வீகன்' என்று தெளிவாகப் போட்டிருப்பதையே வாங்குங்கள். அவற்றில் மீனுக்குப் பதில் சோயா சாஸ், கடற்பாசி, காளான் போட்டு அந்த ஆழத்தைக் கொண்டுவருவார்கள், நன்றாகவே இருக்கும். கொரியாவின் பௌத்த மடங்களில் மீனோடு பூண்டையும் வெங்காயத்தையும் கூடத் தவிர்த்துக் கிம்ச்சி போடுவது பழைய வழக்கம். மீன் இல்லாவிட்டால் அது கிம்ச்சியே இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஒவ்வாமை உள்ளவர்கள் இறால், சோயாவோடு கோதுமையையும் தேடிப் பார்க்க வேண்டும், சிலர் விழுதைக் கெட்டியாக்க கோதுமை மாவுக் கஞ்சி ஊற்றுவார்கள்.

உப்பு விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பு வேண்டும். 2 சதவீதம் உப்பு என்றால் 100 கிராமில் ஏறக்குறைய 790 மில்லிகிராம் சோடியம். ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராமுக்குள் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் சோடியம் அளவை இரண்டு மூன்று பாக்கெட்டுகளில் ஒப்பிட்டுப் பார்த்துக் குறைந்ததை எடுங்கள், ஒரு வேளைக்கு மூன்று நான்கு துண்டோடு நிறுத்துங்கள். 'கோடிக்கணக்கான நல்ல பாக்டீரியா' என்று பெரிய எழுத்தில் போட்டு விலை ஏற்றியதற்கு மயங்க வேண்டாம். நொதித்த, ஃபிரிட்ஜில் வைத்த, சூடுபடுத்தாத எந்தக் கிம்ச்சியிலும் அவை இருக்கும். கொதிக்கவைத்தால் எதிலும் இருக்காது.

வீட்டுக்கு வந்ததும் கழுவும் தொட்டிக்குள் வைத்துத் திறங்கள். ஒருமுறை விளிம்பு வரை நிரம்பிய கண்ணாடி பாட்டிலை மேசையில் வைத்து அலட்சியமாகத் திறந்தேன். அன்று போட்டிருந்த வெள்ளைச் சட்டை இன்றைக்கும் இளஞ்சிவப்பாகத்தான் இருக்கிறது. இறுக்கமாக மூடும் கண்ணாடிப் பாத்திரத்துக்கு மாற்றி, மேலே நாலு விரல் இடம் விட்டு, காய் சாற்றுக்குள் மூழ்கும்படி அழுத்தி வையுங்கள். ஃபிரிட்ஜின் கதவில் வைக்காமல் ஆகக் குளிர்ந்த மூலையில் வையுங்கள். 0 முதல் 4 டிகிரிக்குள் இருந்தால் புளிப்பு மெதுவாக நகரும். கொரிய வீடுகளில் கிம்ச்சிக்கென்றே தனி ஃபிரிட்ஜ் வைத்திருப்பது ஆடம்பரம் என்று நினைத்திருக்கிறேன். சாதாரண ஃபிரிட்ஜ் ஒரு நாளில் எத்தனை முறை திறக்கப்படுகிறது என்று எண்ணிப் பார்த்த பிறகு அப்படி நினைப்பதில்லை. எடுக்கும்போது ஈரமில்லாத, சுத்தமான கரண்டி.

எப்போது தூக்கிப் போடலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், மறுபடியும் அவசரப்படாமல் இருக்க. பச்சை, கறுப்பு, இளஞ்சிவப்பு நிறத்தில் பஞ்சு மாதிரிப் பூஞ்சை, அழுகல் நாற்றம், இவை இருந்தால் மொத்தமாகக் குப்பைக்கு. மேலே மெல்லிய வெள்ளைப் படலம் படர்ந்தால் அது காற்றுப்பட்ட இடத்தில் வளரும் ஈஸ்ட். கொரியர்கள் கோல்மாஜி என்பார்கள். அதை வழித்து எடுத்துவிட்டுக் கழுவிச் சமைத்துவிடுவார்கள். பூண்டு நீலமாகவோ பச்சையாகவோ மாறினால் அமிலத்தில் அதன் கந்தகப் பொருள்கள் செய்யும் வேடிக்கை. வெள்ளைத் தண்டில் மிளகு தூவிய மாதிரி கறுப்புப் புள்ளிகள் காயில் இயல்பாக வருபவை. இரண்டையும் தாராளமாகச் சாப்பிடலாம்.

அடுத்த முறை சின்னப் பாக்கெட்டாக, ஆகப் புதிய தேதியில் ஒன்று வாங்குங்கள். வந்த அன்று ஒரு துண்டு, ஐந்து நாள் கழித்து ஒரு துண்டு, இன்னும் ஒரு வாரம் கழித்து ஒரு துண்டு என்று ருசி பாருங்கள். எந்த வயதில் உங்கள் வீட்டுக்குப் பிடிக்கிறது என்று தெரிந்துவிடும், பிறகு லேபிளில் தேதியைத் தவிர அதிகம் தேட வேண்டியிருக்காது. அடியில் மிஞ்சும் சிவப்புச் சாற்றை மட்டும் கொட்டிவிடாதீர்கள். வறுத்த சாதத்தை இறக்குவதற்கு முன் இரண்டு கரண்டி ஊற்றிக் கிளறுங்கள்.