"தி பர்ப்பிள் பிளெய்ன்" படத்தின் பர்மிய நடிகை வேறு படங்களில் நடித்தாரா?

இல்லை. 'வின் மின் தான்' என்ற அந்த நடிகை திரையில் தோன்றியது 1954-இல் வந்த அந்த ஒரு பிரிட்டிஷ் படத்தில் மட்டும்தான். இயக்கம் ராபர்ட் பாரிஷ், நாயகன் கிரிகரி பெக். கதை 1945-இன் பர்மாப் போர்முனையில் நடக்கிறது. படம் எடுத்த இடமோ இலங்கை. திரையில் பர்மாவாகத் தெரியும் வறண்ட வெளியெல்லாம் இலங்கை மண்.

குண்டுவீச்சில் மனைவியை இழந்து, சாவைத் தேடிப் பறக்கும் விமானியாக பெக் வருகிறார். அவருக்கு உயிராசையைத் திருப்பித் தரும் அன்னாவாக வருபவர் இந்த நடிகை. வசனம் குறைவு. கடைசிக் காட்சியில் அன்னா தூங்குகிறாள். விமானம் விழுந்த இடத்திலிருந்து நடந்தே உயிர்தப்பி வந்த விமானி சத்தமில்லாமல் அருகில் படுத்துக்கொள்கிறார். அந்த அமைதிக்காகவே படத்தைப் பார்க்கலாம்.

இந்த நடிகையைப் பற்றித் தேடும்போது பெயரில்தான் பலர் தடுமாறுகிறார்கள். பர்மியர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. மூன்று சொல்லும் சேர்ந்ததே ஒரு பெயர். 'தான்' என்று மட்டும் எழுதுவது பிழை. மூத்த பெண்ணை மரியாதையாகச் சொல்ல முன்னால் 'டோ' சேர்ப்பார்கள், இளையவருக்கு 'மா'. சில பதிவுகளில் இவை ஒட்டியிருக்கும், அவை வேறு ஆட்கள் அல்ல.

கணவர் போ செட்சா, பர்மிய விடுதலைத் தலைவர் ஆங் சானுடன் ஜப்பானியரிடம் படைப்பயிற்சி பெற்ற 'முப்பது தோழர்கள்' குழுவில் ஒருவர். 'போ' என்பது படைத்தலைவருக்கான பட்டம். அவரது இயற்பெயர் 'ஆங் தான்'. மனைவி பெயரிலும் 'தான்' வருவது தற்செயல்தான்.