மிக்ஸி, கிரைண்டர், இண்டக்‌ஷன் அடுப்பு: கரண்ட் பில்லை ஏற்றுவது எது?

அரைக்கிற சாதனங்களை விட்டுவிடுங்கள், சூடாக்குகிற சாதனங்களைப் பாருங்கள்.

1000 வாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். வாட் என்பது குழாயை எவ்வளவு திறக்கிறோம் என்பது. யூனிட் என்பது குடத்தில் சேர்ந்த தண்ணீர். பில் குடத்துக்குத்தான்.

750 வாட் மிக்ஸியில் தினமும் பத்து நிமிடம் சட்னி, மசாலா அரைத்தாலும் இரண்டு மாதத்துக்கு ஏழரை யூனிட்தான். 150 வாட் டேபிள்டாப் கிரைண்டரில் அரை மணி நேரம் மாவாட்டினால் ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. இண்டக்‌ஷன் அடுப்பு வேறு கதை. 2000 வாட்டில் தினம் ஒரு மணி நேரம் என்றால் இரண்டு மாதத்தில் 120 யூனிட். மோட்டார் கல்லைச் சுற்ற கொஞ்சம் ஆற்றல் போதும். சாம்பாரைக் கொதிக்க வைக்க நிறைய வேண்டும், அதுவும் தினமும்.

சென்னையில் இது இன்னும் உறைக்கும். இங்கே இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறார்கள். பயன்பாடு கூடக்கூட யூனிட் விலையும் படிப்படியாக ஏறும். மே மாதம் ஏசி ஓடுகிற வீட்டில் இந்த 120 யூனிட் விலை உயர்ந்த படியில்தான் போய் விழும். அதற்காக இண்டக்‌ஷனே வேண்டாம் என்று சொல்லவில்லை, மிச்சமாகிற சிலிண்டர் காசையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

அப்புறம், குறைந்த வாட் கெட்டில் வாங்கினால் கரண்ட் மிச்சம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை: ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்கத் தேவையான சூடு ஒன்றேதான், 750 வாட் கெட்டில் 1500 வாட் கெட்டிலைவிட இரண்டு மடங்கு நேரம் எடுத்து ஏறக்குறைய அதே யூனிட்டைத்தான் செலவழிக்கும்.