ஷாட் ஷோவுக்குள் நம்மை ஏன் விடுவதில்லை, விட வேண்டுமா?

டல்லாஸிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணா, இரண்டு வருடமாக ரேஞ்சுக்குப் போய்ச் சுட்டுப் பழகுகிறேன். ஜனவரியில் லாஸ் வேகாஸில் நடக்கும் ஷாட் ஷோவைப் பார்க்க ஆசை. பதிவு செய்யப் போனால் இந்தத் தொழிலில் இருப்பதற்கு ஆதாரம் கேட்கிறார்கள். துப்பாக்கிக் கடை வைத்திருக்கும் நண்பர், என் கடை ஆள் என்று சொல்லிக் கூட்டிப்போகிறேன் என்கிறார். போகலாமா? காசு கொடுத்து வாங்குகிற எங்களை வெளியே நிறுத்திவிட்டு யாருக்காக இந்தக் கண்காட்சி? எச்-1பி விசாவில் இருக்கிறேன்."

நண்பர் சொல்லும் வழியில் போகாதீர்கள். பொய் சொல்லி வாங்கிய பேட்ஜ் பிடிபட்டால் உங்களை வெளியே அனுப்புவதோடு முடியாது, அந்தக் கடைக்காரரின் பெயரும் கெடும், அவருக்கு அது பிழைப்பு. கடைசியில் போகிற போக்கில் விசாவைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான், கடைசியில் வருகிறேன்.

முதலில் இது என்ன கண்காட்சி என்று பார்த்துவிடலாம். ஷூட்டிங், ஹண்டிங், அவுட்டோர் டிரேட் என்பதன் முதலெழுத்துகள்தான் ஷாட். வியாபாரம் என்பது பெயரிலேயே இருக்கிறது. 1979-ல் செயின்ட் லூயிஸில் தொடங்கியது. நேஷனல் ஷூட்டிங் ஸ்போர்ட்ஸ் ஃபவுண்டேஷன் என்ற தொழில் சங்கம் நடத்துகிறது. இப்போது வேகாஸின் வெனிஷியன் எக்ஸ்போ அரங்கில் நாலு நாள், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கம்பெனிகள், ஐம்பதாயிரத்துக்கும் மேல் ஆட்கள். இதில் நீங்கள் எதையும் காசு கொடுத்து வாங்கிக் கையில் எடுத்து வர முடியாது. கடைக்காரர்கள் அந்த வருடத்துக்கான சரக்கை ஆர்டர் செய்யும் இடம் இது.

பலரும் இதை ஊர் ஊராக வார இறுதியில் நடக்கும் 'கன் ஷோ'வோடு குழப்பிக்கொள்கிறார்கள். அது சந்தை மாதிரி, டிக்கெட் வாங்கினால் யாரும் போகலாம், பல இடங்களில் சொந்தத் துப்பாக்கியை விற்கக் கொண்டுபோகலாம். 2013 ஜனவரி 18-ம் தேதி வேகாஸில் ஷாட் ஷோ முடிந்தது. மறுநாள் சனிக்கிழமை வட கரோலினாவின் ராலே நகரில் ஒரு கன் ஷோவின் வாசலிலேயே, விற்கக் கொண்டுவந்த ஷாட்கன்னைச் சோதனைக்காக உறையிலிருந்து பிரிக்கும்போது அது வெடித்து மூன்று பேருக்குக் காயம். அதே நாளில் ஒஹையோவிலும் இண்டியானாபொலிஸிலும் இதே போல் இரண்டு விபத்துகள். இதைக் காட்டி, பொதுமக்களை விட்டால் இப்படித்தான் ஆகும் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அந்த வாதம் ஒப்பவில்லை. ஷாட் ஷோவில் சொந்தத் துப்பாக்கியோ தோட்டாவோ உள்ளே வரவே முடியாது. காட்சிக்கு வைத்திருப்பவற்றில் பைரிங் பின்னை, அதாவது தோட்டாவைத் தட்டி வெடிக்க வைக்கும் ஊசியை, கழற்றியிருக்க வேண்டும், பாதுகாப்பு ஆட்கள் அதைச் சரிபார்த்திருக்க வேண்டும். இந்தக் கட்டுப்பாடு இருந்தால் உள்ளே நிற்பவர் கடைக்காரரா பொதுஜனமா என்பதால் ஆபத்து கூடுவதோ குறைவதோ இல்லை. ஆகவே பாதுகாப்பு என்று யாராவது காரணம் சொன்னால் நம்ப வேண்டாம்.

உண்மையான காரணம் நேரமும் பேச்சும். நான் சில வருடம் டெக்சாஸில் ஒரு சின்னக் கடையில் வேலை பார்த்தேன், முதலாளியோடு மூன்று முறை போயிருக்கிறேன். ஒரு கம்பெனியின் விற்பனை ஆளிடம் எங்களுக்குக் கிடைப்பது இருபது நிமிடம். அதற்குள் எத்தனை துப்பாக்கி, எந்த மாதம் வந்து சேரும், பணம் கட்ட அறுபது நாளா தொண்ணூறு நாளா, எல்லாவற்றையும் பேசி முடித்தாக வேண்டும். ஒரு வருடம் எங்கள் கடையில் விற்ற ஒரே மாடல் கைத்துப்பாக்கியில் நாலு திரும்பி வந்திருந்தது, எல்லாவற்றிலும் ஒரே கோளாறு: சுட்ட தோட்டாவின் கூட்டைப் பிடித்து இழுக்கிற எக்ஸ்ட்ராக்டரின் கொக்கி நுனி உடைந்திருந்தது. அந்த நாலு துண்டையும் ஒரு சின்னப் பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துப்போயிருந்தோம். முதலாளி பையை மேசை மேல் கவிழ்த்தார். விற்பனை ஆள் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் ஸ்டாலுக்குப் பின்னால் போய் ஒரு இன்ஜினியரைக் கூட்டி வந்தார். அவர் ஒவ்வொன்றாக நகத்தால் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒரே தொகுதியாகச் செய்த இந்த லாட்டில் பிரச்சனை இருக்கிறது, வேறு பாகம் அனுப்புகிறோம் என்று ஒத்துக்கொண்டார். பின்னால் இருநூறு பேர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தால் அந்த இன்ஜினியர் வெளியே வந்திருக்கவே மாட்டார், வந்தாலும் வாயைத் திறந்திருக்க மாட்டார்.

ஆனால் தம்பி, உங்கள் கோபத்தில் நான் சேர்ந்துகொள்ளும் இடமும் இதுதான். அந்த லாட்டில் கோளாறு என்று எங்களுக்குத் தெரிந்தது, வாங்கியவர்களுக்கு நாங்கள் சொன்னால்தான் தெரியும். எங்கள் முதலாளி ரசீதுப் புத்தகத்தைப் புரட்டி ஒவ்வொருவருக்கும் போன் போட்டார். எல்லாக் கடைக்காரரும் அப்படிச் செய்வார்கள் என்று என்னால் சொல்ல முடியாது. அதனால் வியாபாரம் பேசும் கதவு மூடியே இருக்கட்டும், ஆனால் செய்து விற்கிறவர்கள் வாங்குகிறவர்கள் முன்னால், வாங்காதவர்கள் முன்னாலும்கூட, வருடத்தில் சில நாளாவது வந்து நிற்க வேண்டும் என்பது என் கட்சி. இரண்டையும் ஒரே கூரையின் கீழ் ஒரே நாளில் வைத்தால் இரண்டுமே நடக்காது.

கடைசி நாளை மட்டும் மக்களுக்குத் திறந்துவிட்டால் என்ன என்று அடுத்துக் கேட்பீர்கள். நம் ஊரில் செய்கிறார்கள். பெங்களூரு எலகங்காவில் நடக்கும் ஏரோ இந்தியா விமானக் கண்காட்சியில் முதல் நாட்கள் வியாபாரத்துக்கு, கடைசி நாட்கள் பொதுமக்களுக்கு. 2018 ஏப்ரலில் ஈசிஆரில் திருவிடந்தையில் நடந்த டெஃப்எக்ஸ்போ ராணுவத் தளவாடக் கண்காட்சியிலும் கடைசி நாளில் மக்களை விட்டார்கள். ஆனால் அங்கே பார்க்க வருகிற யாரும் டாங்கியோ பீரங்கியோ வாங்கப் போவதில்லை. வேகாஸில் வருகிற ஒவ்வொருவரும் வாங்கக்கூடியவர். எது எப்போது கடைக்கு வரும், என்ன விலை, இப்போதே எடுத்துக்கொள்ளலாமா என்று அந்த ஒரு நாள் சந்தையாகிவிடும். கடைக்காரருக்குக் கொடுக்கும் விலை வெளியே தெரிந்தால் சின்னக் கடைகள்தான் முதலில் அடிபடும், புதுத் துப்பாக்கியில் கிடைக்கும் லாபமே கொஞ்சம்.

ஜெர்மனியில் இதைத் தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். நியூரம்பெர்க்கில் 1974 முதல் நடக்கும் ஐடபிள்யூஏ என்ற துப்பாக்கிக் கண்காட்சி தொழில்காரர்களுக்கு மட்டும், டோர்ட்மண்டில் நடக்கும் வேட்டைக் கண்காட்சி எல்லோருக்கும். எனக்கு அதுதான் சரியாகப் படுகிறது.

அமெரிக்காவிலும் உங்களுக்கு வழி இருக்கிறது. துப்பாக்கி வைத்திருக்கும் உரிமைக்காக வாதாடும் நேஷனல் ரைபிள் அசோசியேஷன், சுருக்கமாக என்ஆர்ஏ, நடத்தும் ஆண்டுக் கூட்டம் வருடத்துக்கு ஒரு நகரத்தில் நடக்கும், உறுப்பினரானால் கண்காட்சி அரங்கத்தைப் பார்க்கலாம், குடும்பத்தோடும் வருவார்கள். 2018-லும் 2024-லும் உங்கள் டல்லாஸிலேயே நடந்தது. ஷாட் ஷோவில் பார்க்கும் பெரிய கம்பெனிகள் பலவற்றை அங்கேயும் பார்க்கலாம், ஜனவரியில் அறிவித்தது அதற்குள் பெரும்பாலும் கடைக்கே வந்திருக்கும். என்ஆர்ஏ ஒரு அரசியல் அமைப்பும்கூட, சந்தா கட்டுவதா வேண்டாமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். 2022 மே மாதம் டெக்சாஸின் ஊவால்டே ஊர்ப் பள்ளியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியர்களும் கொல்லப்பட்ட மூன்றாம் நாள், அதே டெக்சாஸில் ஹூஸ்டனில் இந்தக் கூட்டம் தொடங்கியது. வாசலில் ஆயிரக்கணக்கானோர் நின்று கோஷம் போட்டார்கள். அந்தக் கொலைகாரன் பயன்படுத்திய ரைபிளைச் செய்த டேனியல் டிஃபென்ஸ் அரங்கத்திலிருந்து விலகிக்கொண்டது. மக்கள் முன்னால் வந்து நிற்பது என்றால் இந்தக் கோபத்துக்கு முன்னால் நிற்பதும் சேர்ந்துதான்.

அப்புறம், விசா. எச்-1பி உள்ளிட்ட தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி பொதுவாகக் குற்றம், 2022 திருத்தத்துக்குப் பிறகு உச்ச தண்டனை 15 வருடச் சிறை. ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் 'வைத்திருப்பது'தான். ரெஹைஃப் என்ற மாணவர் ஃபுளோரிடாவில் விசா அந்தஸ்து போன பிறகு ரேஞ்சில் சுட்டதற்காகவும் தோட்டா வைத்திருந்ததற்காகவும் தண்டிக்கப்பட்டார். தன் அந்தஸ்து என்ன என்று அவருக்குத் தெரியும் என்பதை அரசு நிரூபிக்க வேண்டும் என்று 2019-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லித்தான் அந்தத் தண்டனை நிற்காமல் போனது. உங்கள் விசா என்ன என்று உங்களுக்குத் தெரியும், எனக்கே எழுதியிருக்கிறீர்கள்.

கிரீன் கார்டு வந்துவிட்டால் இந்தத் தடை இல்லை. அதுவரை உங்களுக்குப் பொருந்தக்கூடிய முக்கியமான விலக்கு, அமெரிக்காவில் முறையாக வாங்கிய, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ். அது கையில் இல்லாமல் இரண்டு வருடமாகச் சுட்டுக்கொண்டிருந்தால் இன்றோடு நிறுத்துங்கள், குடியேற்றச் சட்டமும் துப்பாக்கிச் சட்டமும் தெரிந்த ஒரு வக்கீலை இந்த வாரமே பாருங்கள், ரேஞ்சில் சுடும்போது எடுத்த பழைய படங்கள் இருந்தால் அவற்றை என்ன செய்வது என்றும் அவரிடமே கேளுங்கள். லைசென்ஸ் இருந்தால் அதில் உள்ள தேதியைப் பாருங்கள், டெக்சாஸில் வழக்கமான வேட்டை லைசென்ஸ் ஆகஸ்ட் 31-ம் தேதியோடு முடிந்துவிடும், செப்டம்பரில் புதுப்பிக்காமல் ரேஞ்சுக்குப் போனால் கையில் ஒன்றும் இல்லாதவர் போலத்தான்.